காற்று: வடக்கு

அத்தியாயம் ஒன்பது

"ஒரு பிழைகூட இல்லை, தந்தி. அதுதான் எனக்குப் பயமா இருக்கு," என்றார் பிழையார்.

பெரிய ஆஸ்பத்திரியின் வெளிச்சுவரில் ஒட்டியிருந்த அரசாங்க நோட்டீஸை அவர் மூன்றாவது முறையாக வாசித்துக்கொண்டிருந்தார். அவர் மூக்குக்கும் சுவருக்கும் நடுவில் ஓர் எறும்பு ஒருக்களித்துப் போகிற இடம்தான் இருந்தது.

"படிக்கறீங்களா சார், மோந்து பார்க்கறீங்களா?" என்றாள் தந்தி. "பசை இன்னும் காயலை. மூக்கு ஒட்டிக்கிட்டா உங்களையும் அறிவிப்புன்னு நினைச்சு நாலு பேர் படிச்சுட்டுப் போவாங்க."

இந்த இருவரையும் முதல் தடவையாகப் பார்க்கிறவர்களுக்காக இரண்டு வார்த்தை. பிழையார் முப்பத்தொரு வருஷம் ஒரு பத்திரிகையில் புரூப் திருத்தியவர். எங்கேயாவது ஒரு கால்புள்ளி இடம் மாறியிருந்தால்கூட அவருக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. ஒரே ஒரு நாள் ஒரு மந்திரியின் பெயருக்கு முன்னால் 'மாண்புமிகு' என்று வர வேண்டிய இடத்தில் 'மாண்டமிகு' என்று அச்சாகிவிட்டது. தவறி விட்டாரா, தவறாமல் விட்டாரா என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. மறுநாள் வேலை போயிற்று. அதற்குப் பிறகு அச்சில் தேடியதை மனிதர்களிடம் தேடுகிற தொழிலுக்கு வந்துவிட்டார்.

தந்தி, தந்தி ஆபீஸில் இருபது வருஷம் இருந்தவள். அடுத்தவர் கல்யாணத்தையும் கருமாதியையும் நாலே வார்த்தைக்குள் மடித்துக் கொடுத்தவள். தந்தியையே ஒழித்துவிட்டார்கள். அந்த இருபது வருஷத்தில் மிச்சம் பிடித்த வார்த்தைகளை எல்லாம் இப்போது பிழையார் தலையில் கொட்டிக்கொண்டிருக்கிறாள்.

வழக்கு இதுதான். ஆறு வாரத்துக்கு முன்னால் ஒரு வியாழக்கிழமை விடிகாலையில் அணு உலையில் ஏதோ வெடித்தது. 'பாய்லர் பழுது' என்றது அரசாங்கம். உலைக்கு வடக்கே இருந்த குடியிருப்பிலிருந்து ஆயிரத்து அறுநூறு பேரை நாற்பது பஸ்ஸில் ஏற்றி, உலைக்குத் தெற்கே ஒரு பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் நாலு நாள் வைத்திருந்தது. புகை வடக்கே போகிறது, அதனால் உங்களைத் தெற்கே கொண்டுபோய்க் காப்பாற்றுகிறோம் என்றார்கள். பஸ்ஸில் ஏறினவர்கள் கைகூடத் தட்டினார்கள்.

அப்படிக் காப்பாற்றப்பட்டவர்களில் ஒருத்தி தையல்காரம்மா. அவளுடைய எட்டு வயதுப் பெண் குட்டி, இப்போது இதே ஆஸ்பத்திரியில் மூன்றாவது மாடியில் கிடக்கிறாள். பல் தேய்த்தால் வருகிற ரத்தம் நிற்பதில்லை. காலையில் எழுந்தால் முடி தலையணையில் இருக்கிறது. தலைநகரத்தில் இதற்கென்று ஒரு தனி வார்டு திறந்திருக்கிறார்கள். அங்கே சேர்த்தால் நாலில் ஒரு பங்கு பிழைக்க வழி உண்டு என்கிறார் டாக்டர். ஆனால் உள்ளே போக, 'புகையால் பாதிக்கப்பட்டோர் பட்டியலில்' பெயர் இருக்க வேண்டும். பட்டியலில் இருப்பதோ, அன்றைக்கு பஸ் ஏறாமல் வடக்கே குடியிருப்பிலேயே தங்கிவிட்ட இருபத்து மூன்று பேர் மட்டும். பஸ்ஸில் போனவர்கள் காப்பாற்றப்பட்டவர்கள். காப்பாற்றப்பட்டவர்களுக்கு நோய் வரக் கூடாது. வந்துவிட்டால் அதற்குக் காரணம் இருக்கக் கூடாது. குட்டியின் கேஸ் ஷீட்டில் டாக்டர் எழுதியிருப்பதும் அதுதான்: 'காரணம் தெரியவில்லை.'

பட்டியலை இன்று மாலை ஐந்து மணிக்கு மூடுகிறார்கள். இப்போது காலை ஒன்பதரை.

"தந்தி, இதைச் சத்தமாப் படி," என்றார் பிழையார்.

நோட்டீஸின் மேல் பாதியில் அறிவிப்பு. கீழ்ப் பாதியில் ஆதாரத்துக்காக வானிலை நிலையத்துக் குறிப்பேட்டின் ஒரு பக்கத்தைப் படம் பிடித்து அச்சடித்திருந்தார்கள். தந்தி படித்தாள். "'அன்று காலை காற்று வடக்கு நோக்கி வீசியது என்பதைக் கீழ்க்காணும் பதிவு காட்டுகிறது.' சரி. கீழே பதிவு. 'காலை மணி ஆறு. காற்று: வடக்கு.' சரியாத்தானே சார் இருக்கு?"

"மேலே எத்தனை வார்த்தை, கீழே எத்தனை வார்த்தை?"

வார்த்தை எண்ணுவது தந்திக்குக் கைவந்த வேலை. விரலை மடக்கியவள் பாதியில் நிறுத்தினாள். "மேலே ஒரு 'நோக்கி' இருக்கு. கீழே இல்லை."

"அந்த 'நோக்கி' எங்கேர்ந்து வந்தது?"

"தந்தி ஆபீஸ்ல நாங்க வார்த்தையை வெட்டுவோம் சார். எவனும் சொந்தச் செலவுல ஒரு வார்த்தையைக் கூடச் சேர்த்ததே கிடையாது."

"இங்க யாரோ சேர்த்திருக்காங்க," என்றார் பிழையார். "வா, எழுதினவரையே பார்த்துடலாம்."

*

வானிலை நிலையம் பெரிய ரோட்டின் ஓரத்திலேயே இருந்தது, குடியிருப்புக்கும் உலைக்கும் நடுவில். நாலு காலில் நிற்கிற வெள்ளைப் பெட்டி, மழை அளக்கிற தகர உருளை, கம்பத்தின் உச்சியில் காற்றுக்குத் தக்கபடி திரும்புகிற இரும்புச் சேவல், பக்கத்தில் இரண்டு அறை வீடு. வானிலைக்காரர் இரும்புக் கேட்டுக்கு உள்ளேயே நின்றுகொண்டார். சட்டைப் பையில் மைக் கறை. கண்ணுக்குக் கீழே தூக்கமில்லாத கறுப்பு.

"நான் எதுவும் பேசறதா இல்லை. கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கேன்."

"எதைப் பத்திப் பேச மாட்டேன்னு போட்டீங்க?" என்றார் பிழையார்.

"அந்த நாளைப் பத்தி."

"எந்த நாள்?"

"அதையும் சொல்லக் கூடாது."

"அய்யோ, அந்த நாளைப் பத்தி யார் கேட்டாங்க?" என்று தந்தி கேட்டைத் தானே திறந்துகொண்டு உள்ளே வந்தாள். "இன்னிக்கு மழை வருமா, வராதா? அதைச் சொல்லுங்க. நான் வீட்ல துணி காயப்போட்டுட்டு வந்திருக்கேன். இன்னிக்குக் காத்தைப் பத்திப் பேசக் கூடாதுன்னு எவனும் உங்ககிட்டக் கையெழுத்து வாங்கலையே?"

வானிலைக்காரர் யோசித்தார். வாங்கவில்லைதான்.

மணி பதினொன்று அடிக்க இருந்தது. அது அவர் அளவு எடுக்கிற நேரம். யார் வந்தாலும் போனாலும் எடுத்தாக வேண்டிய அளவு. அவர் கம்பத்தைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார், குறிப்பேட்டைப் பிரித்தார். தந்தி அவர் தோளுக்குப் பின்னால் போய் நின்றாள்.

'காற்று: மேற்கு' என்று எழுதினார்.

கொல்லையில் அவர் மனைவி உலர்த்தியிருந்த இரண்டு பெட்ஷீட்டுகள் கயிற்றில் படபடத்துக்கொண்டிருந்தன. அவை நீண்டு விரிந்து பறந்தது கிழக்குப் பக்கமாக.

"ஏங்க, தப்பா எழுதிட்டீங்களே," என்றாள் தந்தி. "பெட்ஷீட்டைப் பாருங்க. காத்து கிழக்கால போகுது."

அந்த மனுஷர் முகத்தில் முதல் தடவையாக ரோஷம் வந்தது. பயத்தை ஒரு கணம் ஓரமாக வைத்துவிட்டார். "இருபத்தாறு வருஷமா எழுதறேன், எனக்குச் சொல்லித் தர்றீங்களா? எங்கேர்ந்து வருதோ அதும்மா காத்தோட பேர். மேக்கேர்ந்து வந்தா மேற்குக் காத்து. உங்களை எந்த ஊருன்னு கேட்டா வந்த ஊரைச் சொல்வீங்களா, போற ஊரைச் சொல்வீங்களா?"

சொல்லிவிட்டுத்தான், என்ன சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது. வாயைப் பொத்திக்கொள்ளாத குறை.

பிழையார் மடித்துக் கொண்டுவந்திருந்த நோட்டீஸ் பிரதி ஒன்றைப் பிரித்தார். 'காற்று: வடக்கு' என்ற வரியில் விரலை வைத்தார். வானிலைக்காரரின் கண்கள் தெற்கே, ரோடு போகிற திசையில், அந்தப் பள்ளிக்கூடம் இருக்கிற பக்கமாகப் போய் நின்றன. நின்ற இடத்திலேயே நிறைந்துவிட்டன.

வடக்கேயிருந்து வந்த காற்று. தெற்கே போன புகை. அதே தெற்கே போன நாற்பது பஸ்.

அவர் மனைவி அவர்களை உள்ளே கூப்பிட்டுப் பானையிலிருந்து தண்ணீர் மொண்டு கொடுத்தாள். பானையை மூடியிருந்தது ஒரு கண்ணாடிச் சட்டம். 'உரிய நேரத்தில் தகவல் தந்து ஆயிரத்து அறுநூறு உயிர்களைக் காத்தமைக்காக' என்று கவர்னர் கையெழுத்துப் போட்ட பாராட்டுப் பத்திரம். "இதுக்காவது உதவுதே," என்றாள் அந்த அம்மாள், யாரையும் பார்க்காமல்.

தந்தி தண்ணீரைக் குடித்துக்கொண்டே சுவரைப் பார்த்தாள். ஜன்னலுக்குப் பக்கத்தில், மற்ற இடமெல்லாம் மஞ்சளடித்துப் போயிருக்க, ஒரு சாண் இடம் மட்டும் வெள்ளையாக இருந்தது. நாலு ஆணி ஓட்டை. கீழே அறுந்த ஒயர்.

"இங்க இருந்த போன் எங்கே?"

"எடுத்துட்டுப் போயிட்டாங்க."

"எப்போ?"

வானிலைக்காரர் தரையைப் பார்த்தார்.

"சரி விடுங்க," என்றாள் தந்தி. "இந்த வாரமா எடுத்தாங்க?"

"இல்லை."

"போன வாரம்?"

"இல்லை."

"அதுக்கும் முந்தின வாரம்? அதுக்கும் முந்தினது? அதுக்கும்? அதுக்கும்?"

"இல்லை, இல்லை, இல்லை, இல்லைம்மா."

"அதுக்கும் முந்தின வாரம் சனிக்கிழமை? வெள்ளிக்கிழமை?"

"இல்லை."

"வியாழக்கிழமை?"

"அதைப் பத்திப் பேசக் கூடாது."

"ரொம்ப நன்றிங்க," என்றாள் தந்தி. "மழை வராதுன்னு சொன்னதுக்கு."

*

திரும்புகிற டவுன் பஸ்ஸில் தந்திக்கு நிலைகொள்ளவில்லை.

"ஜெயிச்சுட்டோம் சார்! இது சதி இல்லை, வெறும் தப்பு. அவர் போன்ல 'காற்று வடக்கு'ன்னு சொல்லியிருக்கார். அங்க உக்காந்திருந்த ஏதோ ஒரு புத்திசாலி, வடக்குக்குப் போகுதுன்னு எழுதிக்கிட்டான். அவ்வளவுதான்!"

"அவ்வளவுதான்," என்றார் பிழையார். "வடக்கிலிருந்து, வடக்குக்கு. ஒரு வேற்றுமை உருபு. அதுக்கு நடுவுல நாற்பது பஸ் போயிருக்கு."

"தப்புன்னா திருத்திடுவாங்க இல்ல? குறிப்பேட்டைக் காட்டுவோம், அந்த 'நோக்கி'யை அடிப்பாங்க, தெக்கே போனவங்க எல்லாரும் பட்டியல்ல வந்துருவாங்க. குட்டி சாயங்கால ரயில்ல ஏறிடும். நீங்க ஏன் சார் மூஞ்சியைப் புரூப் பார்க்காத பேப்பர் மாதிரி வச்சிருக்கீங்க?"

"அவர் ஜன்னல்லேர்ந்து ரோடு தெரியுது, தந்தி. காலையில எட்டு மணிக்கு நாற்பது பஸ் தெக்கே போறதைப் பார்த்துட்டு அந்த மனுஷன் சும்மா இருந்திருப்பாரா?"

தந்தி ஜன்னல் வழியாக அந்த ரோட்டைப் பார்த்தாள்.

"திருப்பி போன் பண்ணியிருப்பார். அதனாலதான் போனை அன்னிக்கே பிடுங்கியிருக்காங்க. அவர் பேசினது யார் காதுலயும் விழறதுக்கு முன்னாடி லைன் போச்சா, விழுந்தப்புறம் போச்சா? அதைப் பொறுத்துத்தான் இது தப்பா, வேற ஏதாவதான்னு சொல்ல முடியும்."

*

மூன்றாவது மாடியில் குட்டி தலையில் பூப்போட்ட துணி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அம்மா வெட்டுத் துணிகளில் தைத்தது. தந்தியைப் பார்த்ததும், "தந்தி அத்தை, இன்னிக்கு எத்தனை வார்த்தை பேசினீங்க?" என்றாள்.

"எண்ணிக்கை விட்டுப்போச்சு கண்ணு. உங்க சாரைக் கேளு, அவர்தான் காதைப் பொத்திக்கிட்டிருந்தார்."

பிழையார் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "தையல்காரம்மா, அந்த பஸ்ல போனதை இன்னொரு தடவை சொல்லுங்க. ஒண்ணுமில்லாத விஷயமா இருந்தாலும் பரவாயில்லை," என்றார்.

தையல்காரம்மாவுக்கு ஒன்றும் பெரிதாக நினைவில்லை. வெளியே தெரியக் கூடாதென்று ஜன்னல் கண்ணாடி எல்லாவற்றிலும் செய்தித்தாள் ஒட்டியிருந்தார்கள். கூட்டம், புழுக்கம், குழந்தைகளின் அழுகை. அவ்வளவுதான்.

"என் துண்டைச் சொல்லும்மா," என்றாள் குட்டி.

"அது எதுக்குடி இப்போ?"

"சாருக்கு ஒண்ணுமில்லாத விஷயம் வேணும்னாரே." குட்டி பிழையாரிடம் திரும்பினாள். "ஜன்னல் பக்கம் நான். பேப்பர் ஒட்டியிருந்தாலும் ஒரே வெயில். சுள்ளுன்னு. அம்மா என் மஞ்சத் துண்டைக் கட்டிவிட்டா. கொஞ்ச நேரம் கழிச்சு எனக்கு வெயில் போயிடுச்சு. அந்தப் பக்கம் உக்காந்திருந்த மாமா மேல அடிச்சுது. அம்மா துண்டைக் கழட்டி அவர்கிட்டக் குடுத்துட்டா. அப்புறம் பார்த்தா மறுபடியும் எனக்கு வெயில்! அந்த மாமா துண்டைத் திருப்பித் தரவே இல்லை, சார். தலையில போட்டுக்கிட்டுத் தூங்கிட்டார்."

பிழையார் மேஜையிலிருந்த மருந்து அட்டைப்பெட்டியை எடுத்துக் குட்டியின் போர்வைமேல் வைத்தார்.

"இது பஸ். இந்த ஜன்னல்தான் கிழக்கு, காலை வெயில். தெக்கே போற பஸ்ஸுக்கு வெயில் எந்தப் பக்கம்?"

"இந்தப் பக்கம். இடது. நான் இருந்த பக்கம்," என்றாள் குட்டி.

"அந்த ரோட்டுல வளைவு உண்டா, தந்தி?"

"ஸ்கேல் வச்சுக் கோடு போட்ட ரோடு சார் அது. இப்பத்தானே போய்ட்டு வந்தோம்."

"அப்போ வெயில் வலது பக்கம் போகணும்னா?"

குட்டி பெட்டியைத் தானே எடுத்துத் திருப்பி வைத்தாள். இப்போது அதன் மூக்கு வடக்கே பார்த்தது. பிறகு, யாரும் சொல்லாமலே, மறுபடியும் ஒரு தடவை திருப்பினாள்.



"ஒரு மைதானத்துல நின்னுச்சு," என்றாள் தையல்காரம்மா மெதுவாக. "எஞ்சினை நிறுத்தலை. வெளியில வயர்லெஸ் சத்தம். யாரோ யாரையோ திட்டறாங்க. அப்புறம் கிளம்பிச்சு. கொஞ்ச தூரம் போயிட்டு மறுபடி எங்கேயோ நின்னு திரும்பிச்சு. வழி சரியில்லை, சுத்திப் போறோம்னு டிரைவர் சொன்னார்."

"வானிலைக்காரரோட ரெண்டாவது போன் போய்ச் சேர்ந்துடுச்சு," என்றார் பிழையார். "தப்புன்னு தெரிஞ்சு உங்களை வீட்டுக்குத் திருப்பிட்டாங்க. நல்லபடியாத் திருப்பிட்டாங்க. பாதி வழியில யாரோ யோசிச்சிருக்காங்க. காலையில காப்பாத்தறோம்னு கூட்டிட்டுப் போன ஜனத்தை, பத்து மணிக்குள்ள திருப்பிக் கொண்டுவந்து இறக்கினா ஏன்னு கேப்பாங்களே, பாய்லருக்குப் போய் இத்தனை பதட்டமான்னு கேப்பாங்களேன்னு. அதனால மறுபடியும் தெக்கே."

"தெரிஞ்சேவா?" என்றாள் தையல்காரம்மா.

பிழையார் மருந்துப் பெட்டியை எடுத்து மேஜைமேல் பழைய இடத்தில் வைத்தார். தந்திக்கு, நாலு வார்த்தையில் சொல்லி முடிக்கிற பழைய பழக்கம் அந்த நேரத்தில் கைகொடுக்கவில்லை.

*

பட்டியல் ஆபீஸுக்கு அவர்கள் மூவரும் போய்ச் சேர்ந்தபோது மணி நாலே கால். நடைபாதை பெஞ்சில் ஒரு இளம்பெண் தனியாக உட்கார்ந்திருந்தாள். தையல்காரம்மாவைப் பார்த்ததும் எழுந்து ஓடிவந்தாள்.

"அக்கா! நீங்களா? கடவுளே அனுப்பின மாதிரி வந்தீங்க."

தையல்காரம்மாவின் எதிர்வீட்டுப் பெண் அவள். அவளுடைய மூன்று வயதுப் பையன் செத்துப் பத்தொன்பது நாள் ஆகிறது. அவனுடைய மரணச் சான்றிதழிலும் 'காரணம் தெரியவில்லை' என்றுதான் எழுதியிருந்தார்கள்.

"அதை மட்டும் மாத்திக் குடுங்கன்னு தினம் வந்து நிக்கறேங்க்கா. வேற எதுவும் கேக்கலை. எதனால போனான்னே தெரியாம எப்படிக்கா இருக்கறது? அன்னிக்குப் பால் கெட்டிருந்துச்சோ, நான்தான் குளிர்ல குளிப்பாட்டிட்டேனோன்னு ராப்பகலாத் தோணுது. அவன் பஸ்ல போனதுக்கே ஆதாரம் இல்லைங்கறாங்க. பஸ்ல யார் யார் ஏறினாங்கன்னு எழுதின லிஸ்ட் தொலைஞ்சு போச்சாம். பார்த்தவங்க யாராவது ஒருத்தர் வந்து சொன்னா எழுதறோம்னு சொல்லியிருக்காங்க. நீங்க சொல்வீங்கல்ல?"

"சொல்லாம?" என்றாள் தையல்காரம்மா, அவள் கன்னத்தைத் தடவி. "இரு. உள்ள போய்ட்டு வந்துடறேன். சேர்ந்தே சொல்லலாம்."

பட்டியல் அதிகாரிக்கு ஜலதோஷம். கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே மூன்று பேருக்கும் நாற்காலி போடச் சொன்னார். கத்துகிறவராக இருந்தால் தந்தி பதிலுக்குக் கத்தியிருப்பாள். அவர் மரியாதையாக இருந்தார்.

பிழையார் எல்லாவற்றையும் சொன்னார். நோக்கி, பெட்ஷீட், பிடுங்கின போன், துண்டு. அதிகாரி குறுக்கே பேசாமல் கேட்டார். துண்டைச் சொன்னபோது மட்டும் தலையசைத்தார்.

"துண்டு நல்லா இருக்கு," என்றார். "இது எனக்குப் புதுசு. போன வாரம் வந்தவர் வேற மாதிரி கண்டுபிடிச்சார். பஸ்ஸுக்கு டீசல் ஊத்தறவர் அவர். போற தூரத்துக்குச் செலவாக வேண்டியதைவிட அதிகமா தீர்ந்திருக்குன்னார். அதுக்கு முன்னாடி ஒரு டீச்சரம்மா காத்தாடி விட்ட பசங்களை விசாரிச்சுட்டு வந்தாங்க."

"அப்போ உங்களுக்கு…" என்று ஆரம்பித்தாள் தந்தி.

"தெரியும்மா."

தந்தி எழுந்துவிட்டாள். "தெரிஞ்சுக்கிட்டேவா மூக்கைச் சிந்திக்கிட்டு உக்காந்திருக்கீங்க? அந்த டீச்சரம்மா எங்கே? டீசல்காரர் எங்கே? எல்லாரும் சேர்ந்து ரோட்டுக்கு வந்தா…"

பிழையார் அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தார். அவர் கண் மேஜைமேல் இருந்த பட்டியலில் இருந்தது. தலைகீழாக இருந்தாலும் அவருக்கு வாசிக்க வரும். அச்சுக்கூடத்தில் ஈய எழுத்தை அப்படித்தான் படித்துப் பழகியிருந்தார்.

"இருபத்து மூணு பேர் பஸ் ஏறாம வடக்கேயே தங்கினாங்கன்னு இதுல இருக்கு," என்றார். "ஏழாவது பேர் ஒரு டீச்சர். இருபத்து ரெண்டாவது, டீசல் ஊத்தறவரோட பையன். நிஜமா எத்தனை பேர் தங்கினாங்க?"

அதிகாரி கைக்குட்டையை மடித்தார். "ஒருத்தர். ஆடு மேய்க்கறவர். ஆட்டை விட்டுட்டு வர மாட்டேன்னுட்டார். அவருக்கு ஒண்ணும் இல்லை, நல்லா இருக்கார். ஆடும் நல்லா இருக்கு."

மற்ற இருபத்திரண்டு பேரும் உண்மையைக் கண்டுபிடித்தவர்கள். இல்லையென்றால், கண்டுபிடித்தவர்களின் பிள்ளைகள்.

அவர் இழுப்பறையைத் திறந்து ஒரு காகிதத்தை எடுத்துத் தையல்காரம்மா முன்னால் வைத்தார். ஏற்கனவே டைப் அடித்திருந்தது. பெயருக்கு மட்டும் இடம் விட்டிருந்தது. 'நானும் என் குழந்தையும் அன்று பஸ்ஸில் ஏறவில்லை. குடியிருப்பிலேயே தங்கிவிட்டோம்.' கீழே ஒரு கையெழுத்து, இரண்டு சாட்சி.

"இதுல போட்டா, இன்னிக்கு ஏழு மணி ரயில். உங்ககூட ஒரு நர்ஸ் வருவாங்க, வார்டு வரைக்கும் கொண்டுபோய் விடுவாங்க. போடலைன்னா நீங்க சொன்னதை எல்லாம் மேலே எழுதி அனுப்பறேன். நிச்சயமா அனுப்பறேன். பதில் வர ஆறு மாசம் ஆகும்." அவர் குரல் தாழ்ந்தது. "பிள்ளைக்கு அவ்வளவு நாள் இல்லைம்மா. டாக்டர் சொல்லியிருப்பார்."

"போடாதீங்கன்னு சொல்லுங்க சார்," என்றாள் தந்தி. பிழையாரைப் பார்த்துச் சொன்னாள். சொல்லும்போதே, சொல்ல மாட்டார் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. நாலில் ஒரு பங்கு. யார் எதைச் சொல்ல முடியும், நீங்களே சொல்லுங்கள்.

தையல்காரம்மா யாரையும் பார்க்கவில்லை. பேனாவை ஊசி பிடிப்பதுபோல் நுனியில் பிடித்துக் கையெழுத்துப் போட்டாள். ஒரு தடவைகூடக் கை நிற்கவில்லை. காகிதத்தைப் பிழையார் பக்கம் தள்ளினாள்.

"சார், போடுங்க."

பிழையார் போட்டார். தந்தி, தன் பெயரை இவ்வளவு நேரம் எடுத்து எழுதியது அதுதான் முதல் தடவை.

அதிகாரி பட்டியலில் இருபத்து நாலு என்று எண் போட்டுக் குட்டியின் பெயரை எழுதினார். நல்ல கையெழுத்து. பிறகு ரயில் சீட்டையும் வார்டு சீட்டையும் கொடுத்து, "இன்னொண்ணு," என்றார். "இனிமே நீங்க அந்த பஸ்ல இல்லை. யார் கேட்டாலும். ஒரு இடத்துல மாத்திச் சொன்னாலும் வார்டுல பேரை எடுத்துடுவாங்க. நான் எடுக்க மாட்டேன். அவங்க எடுத்துடுவாங்க."

வெளியே வந்தார்கள். எதிர்வீட்டுப் பெண் பெஞ்சை விட்டு எழுந்து கதவருகிலேயே நின்றிருந்தாள். கையில் அந்தச் சான்றிதழ், வியர்வையில் ஓரம் சுருண்டு.

"ஆச்சாக்கா? வாங்க, மூடறதுக்குள்ள நாம போய்ச் சொல்லிடலாம். ஒரே ஒரு வார்த்தைதான். பஸ்ல பார்த்தேன்னு."

தையல்காரம்மா ரயில் சீட்டை இடுப்பில் செருகினாள். செருகின கையை எடுக்கவில்லை.

"நான் அந்த பஸ்ல வரலைம்மா," என்றாள்.

அந்தப் பெண் சிரித்தாள். காதில் சரியாக விழவில்லை என்றுதான் நினைத்தாள். "என்னக்கா?"

"நாங்க வரலை. வீட்டுலயே இருந்துட்டோம்."

பிழையார் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். தந்தி ஏதாவது சொல்லலாமென்று வாயைத் திறந்தாள். அந்தப் பெண் அவளைப் பார்க்கவில்லை. தையல்காரம்மாவின் முகத்தை, ஏதோ மங்கலாக அச்சான எழுத்தைப் பார்ப்பதுபோல உற்றுப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"அப்போ என் பையன்," என்றாள், "வழி பூரா யார் மடியிலக்கா தூங்கிக்கிட்டு வந்தான்?"